சப்பாத்து, ஆறு சோடி

தொமே வெலோசோவுக்குப் படம் இல்லை, கல்லறை இல்லை.
பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
போர்த்துக்கலின் ஏதோ மலையூர்க் கோயிலில்
எலி தின்றது போக மிஞ்சிய
வரவுசெலவுப் புத்தகம்தான்
அவர் உயிரோடிருந்ததற்குச் சாட்சி.

1571. மெழுகுதிரி. சுரம் எழுத ஆட்டுத்தோல்.
பாடற் சிறுவருக்குச் சப்பாத்து, ஆறு சோடி.
மாலைச் செபத்துக்குப் பிந்தி வந்தமையால்
பாடகர் தலைவர் சம்பளத்தில் வெட்டு.
அடுத்த மாதமும் வெட்டு.

அந்த இரண்டாவது வெட்டில்தான்
எனக்கு ஆளைப் பிடித்துப்போனது.
நான் துறைமுகக் கந்தோரில் கணக்கெழுதுகிறவள்.
வியாழன் பின்னேரம் ஆறரைக்கு
பதினொரு பேரைப் பாடவைக்கிறவள்.
ஆறரை என்றால் ஏழு.

போர்த்துக்கேயம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.
பாலையூற்றில் இரும்படிக்கும் எட்மண்ட் பல்தசாருக்குக் கொஞ்சம்,
திட்டுவதற்கும் கலியாணத்தில் ஆடுவதற்கும் போதுமான அளவு.
கரிபிடித்த விரலை வரியில் வைத்து வாசித்தார்:
ஜனேலா. மேசா. ஷாவெ. லென்சு. பாங்கு.
சப்பாத்து.

"இதெல்லாம் எங்கட வீட்டுச் சாமானெல்லோ!"
மதலேனா சிரித்தாள்.

நானூற்றைம்பது வருசத்துக் கணக்கு
சன்னலைத் திறந்து,
மேசையில் சாவியை வைத்துவிட்டு,
லேஞ்சியால் முகம் துடைத்துக்கொண்டு
எங்கள் வாங்கில் வந்து உட்கார்ந்தது.

தயாநிதி சிரிக்கவில்லை.
வெள்ளி தவறாமல் கோணேசர் கோயிலுக்குப் போகிறவள்,
வியாழன்களில் ஆல்ட்டோ வரியைத் தாங்குகிறவள்.
"மலையிலயிருந்து எங்கட கல்லுகளைக் கடலுக்குள்ள தள்ளேக்க
இந்தாள் இருந்தவரோ?"
இல்லை, என்றேன். அப்போது அவர் செத்து நாற்பது வருசம்.
"ஆனா அந்தக் கப்பலில
இந்தாளின்ர பாட்டும் வந்திருக்கும்."
வந்திருக்கும், என்றேன்.
பீரங்கியும் சாவியும் ஒரே கப்பலில் இறங்கிய துறை இது.
வேறென்ன சொல்ல?
மலைக்கோயில் மணி அடித்து ஓயும்வரை
தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு, "எந்தச் சுரத்திலயிருந்து?"

1579. காடி. சுண்ணாம்பு. மறுபடி காடி.
கொள்ளைநோய் என்ற சொல் எங்கும் இல்லை.
அதற்குக் கீழே:
சப்பாத்து, இரண்டு சோடி.

அந்த வருசம் எழுதியதைத்தான் நாங்கள் படிக்கிறோம்.
சிறுவர் குரலுக்கென்றே ஆறு வரி.
ஆறு.
அந்த நாலு வரியை
யார் பாடினார்கள் என்று கணக்கில் இல்லை.
மூன்றாம் வரிக்காரனுக்குப் பதினான்கு தாளம் மௌனம்.
மற்றவர்கள் ஒருவரையொருவர் துரத்திக் களைத்த இடத்தில்
அவன் மட்டும் எல்லோருக்கும் மேலே ஏறி
ஒரு மூச்சு நின்று
இறங்குகிறான்.

எங்களிடமும் மூன்றாம் வரிக்கு ஆள் இல்லை.
றொசாரியா கட்டாருக்குப் போய் எட்டு மாதம்.
யாரோ வீட்டுக் குளியலறைக்குள் நின்று பாடி
வட்ஸ்அப்பில் அனுப்புகிறாள்;
பின்னால் குழாய் சொட்டுகிறது.
ரெலிபோனை மேசையில் நிமிர்த்தி வைத்து
பதினான்கு தாளத்தை நாங்கள் எண்ணுகிறோம்,
எட்மண்ட் பெருவிரலால் தன் காய்ப்புகளின் மேல்,
தயாநிதி கண்ணை மூடி.

அரைத்தாளம் பிந்தித்தான் வருகிறாள்.
"சம்பளத்தில வெட்டுவமோ?" என்றார் எட்மண்ட்.
குழாய் சொட்டுவது நிற்கும்வரை
ஒருவரும் தாளை மடிக்கவில்லை.

மின்விசிறியை நிறுத்திவிட்டு எழுதினேன்:
வியாழன். போட்டோகொப்பி, முந்நூற்றுநாற்பது.
நுளம்புத்திரி, நூற்றிருபது.
வந்தவர்கள், பன்னிரண்டு.

வெளியே படியில்
பத்துச் சோடி செருப்பு.
உலைப்பொறி பட்டு ஓட்டைவிழுந்த சப்பாத்துக்குள்
எட்மண்ட் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.