நில், போ

பிரஸ்டனில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலை.
எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மேசை.
அவள் அந்த முனை, நான் இந்த முனை.
உதறு, மடி, மறுபடி மடி.
ஒரு ஷிஃப்டுக்கு நானூறு போர்வை.

என் சட்டையில் குத்திய அட்டையில் 'போ' என்றிருக்கும்.
முழுப்பெயர் அட்டைக்குள் அடங்காது என்றான் டேரன்.
நாளெல்லாம் கத்துவான், போ, போ என்று.
முதல் வாரம் இரண்டு முறை
வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

அவள் அட்டையில் 'டியா'.
ஸ்டமாட்டியா என்று அவளாகச் சொன்னது
ஒரு வருஷம் கழித்து, நீராவி முகத்தில் அறைந்த ஒரு மதியம்.
சும்மாதான் அர்த்தம் கேட்டேன்,
புனிதர் யாராவது, பூ ஏதாவது இருக்கும் என்று.
போர்வையை இழுத்துப் பிடித்தாள்.
"நிறுத்து," என்றாள்.
நான் கையை எடுத்துவிட்டேன்.
"இல்லை, அதுதான் அர்த்தம். நாலாவதும் பெண்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
உசிலம்பட்டிக்குத் தெற்கே
மூன்று அக்காக்களுக்குப் பிறகு வந்தவளுக்கு
வேறென்ன பெயர் வைப்பார்கள்?
போதும்பொண்ணு.
பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தேன்.
இரண்டாம் பாதி வருவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

எங்கோ ஒரு மலைக் கிராமத்தில் அவள் அப்பாவும்
பஸ் வராத ஊரில் என் அப்பாவும்
ஒருவரையொருவர் பார்க்காமலே
ஒரே மனுவை எழுதியிருக்கிறார்கள்,
எங்களைக் காகிதமாக்கி.

என் மனு பலித்தது.
அடுத்தது தம்பி. ராசிக்காரி என்றது ஊர்.
கறித்துண்டு அவன் தட்டுக்குப் போனது.
அவள் மனு திரும்பி வந்துவிட்டது.
அடுத்ததும் பெண், கரிக்ளியா.
"எனக்கு வைத்த பெயருக்கு வேலை தெரியாது,"
என்பாள் ஸ்டமாட்டியா, தலையணை உறைகளை எண்ணிக்கொண்டே.

டீ நேரத்தில் போனில் தேடினோம்,
மாநிலத்தில் பெண் குழந்தைகளுக்கு
அதிகம் வைக்கும் பெயர்கள் நூறு.
அவள் ஊர்ச் சொற்களும் இருந்தன அதில்:
உயிர் என்று ஒன்று, தளிர் என்று ஒன்று,
ஞானம் என்று ஒன்று வெகு மேலே.
சாவி வளையக் கடைகளில் தொங்குமே, அந்த ஜாதி.
விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.
நூறு தீர்ந்தது. டீயும் ஆறியது.
"நம்மைக் காணோம்," என்றாள்,
போலீஸ் பட்டியலில் பெயர் இல்லாதவளைப் போல.

ஆகஸ்டில் கரிக்ளியாவுக்குப் பெண் பிறந்தது.
ஞானத்தாய் அக்காதான்.
வைப்பதும் அக்கா பெயர்தான், பிடிவாதம்.
"அது பெயரில்லை, கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள்."
"தாழ்ப்பாள் விழவில்லையே, நான் உள்ளே வந்துவிட்டேனே,"
என்றாளாம் தங்கை.

மூன்று நாள் ஒரு வார்த்தை பேசாமல் மடித்தாள்.
மூலைக்கு மூலை சேரவே இல்லை.

மார்கழி. தார்ன்பரிக் கோயிலுக்கு வெளியே
தார் உருகும் வெயில்.
கடைசி வரிசையில் நான், தீபாவளிப் புடவையில்.
முன்னால் செம்புத் தொட்டி, எண்ணெய், வெள்ளைத் துண்டு
(எங்கள் ஆலைத் துண்டைவிட மோசமான மடிப்பு).
பாதிரியார் குழந்தையின் பெயர் கேட்டார்.
அக்காதான் சொல்ல வேண்டும்.
மெழுகு சொட்டுவது கேட்டது.
பிறகு சொன்னாள்.
அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது ஒரே சொல்,
அதைத்தான் சொன்னாள்.

தண்ணீரில் மூன்று முறை முக்கி எடுத்தார்.
குழந்தை வீறிட்டது.
பெரியம்மா, அம்மா, மாமன்மார் எல்லாரும்
ஸ்டமாட்டியா, ஸ்டமாட்டியா என்று
கெஞ்சியும் கொஞ்சியும் பார்த்தார்கள்.
அது நிறுத்தவே இல்லை.