பயனர் இரண்டு

லோ யாட்டில் ஒரு கடை.
இருபத்தேழு அங்குலத் திரைகள் வரிசையாய் நின்று
ஒரே கிளியைக் காட்டுகின்றன.
ஒன்பது கிளி, ஒன்பது பச்சை.
எது உன் பச்சை என்று
கிளியைக் கேட்க முடியாது.

எனக்கு வேகம் வேண்டும்.
நொடிக்கு நூற்று அறுபத்தைந்து முறை
திரை தன்னை அழித்து எழுத வேண்டும்.
மூலையில் பதுங்கியவன் தலையை நீட்டுமுன்
நான் திரும்பியிருக்க வேண்டும்.

லோஷினிக்கு நிறம்.
கல்யாணப் படம் திருத்திக் கொடுப்பவள்.
போன மாதம் காஜாங் மணப்பெண் ஒருத்தி
ஆல்பத்தைத் திருப்பி அனுப்பினாள்:
'என் கூறை அரக்குச் சிவப்பு.
நீங்கள் கட்டிவிட்டிருப்பது தக்காளி.'
குற்றம் பழைய திரையுடையது.
தண்டம் இவள் கட்டினாள்.

எங்களுக்கு ஒரே அறை, ஒரே மேசை,
இருவருக்குமாய் ஆயிரத்து முந்நூறு வெள்ளி.

வெய் ஜியான் முதலில் என் கார்டின் வயதைக் கேட்டான்.
சொன்னேன்.
'அப்படியானால் ஃபோர்-கே வேண்டாம் லா.
கெந்திங் மலைக்குக் கஞ்சிலில் ஆறு பேர் ஏறிய கதை.
ஏறும். ஆனால் நீ இறங்கித் தள்ளணும்.'

லோஷினி பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள்.
ஒன்பது திரையிலும் அதே காஜாங் மணப்பெண்.
ஒன்றில் தக்காளி.
ஒன்றில் செங்கல்.
ஒன்றில், கொஞ்சம் சாய்ந்து பார்த்தால்,
வெற்றிலை துப்பிய சுவர்.
ஏழாவதில்தான்
அவள் தன் சேலையில் நின்றாள்.

என் முறை. குகைக்குள் ஓடினேன்.
நாலாவதில் இருட்டு நல்ல இருட்டு,
ஆனால் திரும்பும்போதெல்லாம்
ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை போல்
பின்னால் ஒரு தீற்றல்.
ஏழாவது வேகமாய்த் திரும்பியது.
அதன் இருட்டுதான் இருட்டில்லை,
கரண்ட் போன வீட்டில்
யாரோ போனைத் திறந்து வைத்த சாம்பல்.

ஓரத்தில் ஓஎல்இடி ஒன்று இருந்தது.
அதில் அணைந்த புள்ளி அணைந்தே கிடந்தது.
பேசாமல் கொஞ்ச நேரம் நின்றோம்,
நடை சாத்தும் நேரத்தில் சன்னதிக்கு வந்தவர்கள் போல.
விலையைக் கேட்கவில்லை.
எழுதியிருந்தது.

ஏழாவது.
அவள் எழுநூறு, நான் அறுநூறு.
மோனோரயிலில் முழங்கால்களுக்கிடையே பெட்டி,
தித்திவங்சா வருவதற்குள் ஒப்பந்தம்:
இரவு பத்து வரை மணப்பெண்களுக்கு,
பிறகு எனக்கு.
செந்தூலில் மழை. லிப்ட் வேலை செய்யவில்லை.
பதினோரு மாடி, நாலு இடத்தில் இறக்கி வைத்து,
ஆறாம் மாடியில் ஒருமுறை சண்டை போட்டு.

திரையின் முதுகில் ஒரு பொத்தான்.
பயனர் ஒன்று நான்:
குளிர்ந்த நீலம், இருட்டைத் தூக்கிவிட்டது,
ஒளிந்திருப்பவன் தெரிந்தால் போதும்.
பயனர் இரண்டு அவள்.
அதற்கு மூன்று மாலை எடுத்துக்கொண்டாள்.
முதலில் வெள்ளைத்தாள் பிடித்துப் பார்த்தாள்,
பிறகு தன் முழங்கையையே திரையோடு ஒட்டி வைத்து
ஒவ்வோர் எண்ணாய் நகர்த்தினாள்.
'கடையில் கொடுத்தபடியே விட்டால்
நம்மையெல்லாம் சாம்பல் பூசி அனுப்பிடும்.'

ஜனவரியில் ஜொகூருக்கு வேலை மாறிப் போனாள்.
அவள் பங்கில் தேய்மானம் கழித்து
நானூறு, இரண்டு தவணையில் அனுப்பினேன்.
முதல் தவணைக்குக் கட்டைவிரல் படம் வந்தது.
இரண்டாவதற்கு ஒன்றும் வரவில்லை.

நேற்று வயரைச் சரிசெய்யப் போய்
விரல் அந்தப் பொத்தானில் பட்டிருக்கிறது.
கவனிக்காமல் குகைக்குள் இறங்கினேன்.
தீப்பந்தம் பழுப்பாய் எரிந்தது.
பாறைக்குப் பின்னாலிருந்து அவன் எழுந்தான்,
மூன்று வருடமாய் நான் சுடுகிறவன்.
அவன் முகத்தில் தோல் இருந்தது.
மூக்கோரம் கொஞ்சம் எண்ணெய்.
எங்கோ பார்த்த ஆள் மாதிரி,
செந்தூல் சந்தையில் மீன் வெட்டுபவர் மாதிரி.

யோசித்தேன்.
நூற்று அறுபத்தைந்தில் எத்தனை சட்டம் போனதோ,
செத்துப்போனேன்.

மறுபடி ஆடுகிறாயா என்றது.
ஆமாம் என்று அழுத்தினேன்,
பொத்தானைத் தொடாமல்.