மிச்சம் இருந்த ஒரு புள்ளி

ஓவுலுவில் நவம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
அப்படியொரு இருட்டில்தான்
பதினோரு வருடங்களுக்கு முன்னால்
தூக்கா தன் வீரனைச் செய்ய உட்கார்ந்தான்.

பலத்துக்குப் பதினான்கா பதினைந்தா,
அதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம்.
பதினைந்து வைத்தால் அறிவில் ஒன்று குறையும்,
குறைந்தால் பழைய கல்வெட்டு வாசிக்க வராது,
வாசிக்க வராதவன் சுரங்கத்தில் சாவான்.
எழுதினான். அழித்தான். எழுதினான்.
ரப்பர் தேய்ந்து தாளில் ஓட்டை விழுந்தது.
பின்பக்கம் டேப் ஒட்டி
அந்த டேப்பின்மேல் எழுதினான்: பதினைந்து.

பிர்க்காவும் நானும்
யார் வைத்தியன் என்று சண்டை பிடித்தோம்.
சீட்டுக் குலுக்கினோம், அவன் தோற்றான்,
மூன்று வாரம் என்னோடு பேச்சில்லை.
பஸ்ஸில் பார்த்தால்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

ஹில்ப்பா வேலை முடிந்து நேரே வந்தாள்.
ஈரக் கையுறைகளை ஹீட்டர்மேல் போட்டாள்.
கறுப்பு அதிமதுர மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு
கைக்கு வந்த எண்களை எழுதினாள்.
ஆறு நிமிடம்.
பெயர் என்ன என்று கேட்டதற்கு
'கோஹ்தா' என்றாள்,
இதோ கொஞ்ச நேரத்தில் என்று அர்த்தம்.
அதுவே அவள் வீராங்கனைக்குப் பெயராகிவிட்டது.

இப்போது பத்தொன்பதாம் லெவல்.
தூக்காவின் வீரனுக்கு
பனியரசன் இடுப்பிலிருந்து உருவிய கச்சை,
மூன்று ஆசீர்வாதம், ஒரு சாபம்.
பகடை உருளும் முன்பே கையில் இருபத்தாறு.
அதில் அந்தப் பதினைந்தாவது புள்ளி
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
கல்வெட்டா?
பேசும் மோதிரம் ஒன்று வாசித்துச் சொல்கிறது,
சில நாள் கேட்காமலே.
காயத்துக்கு ஆளுக்கொரு குப்பி.
பிர்க்காவின் வைத்தியன்தான்
முன்வரிசையில் நின்று கோடரி வீசுகிறான்.
நான் அவன் முதுகுக்குப் பின்னால்.

(இதையெல்லாம் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்காதே
என்கிறான் பிர்க்கா.
பாலம் கட்டப் படித்தவன்,
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான்.
அதனால் பொருத்தவில்லை.)

அன்றைக்குத் தாளின் மூலையில்
இடக்கைக்காரன் என்று சும்மா கிறுக்கியிருந்தேன்.
அதற்குப் புள்ளியே கிடையாது.
இன்றும் கதை சொல்லும் சைமி
ஒவ்வொரு கதவையும்
என் இடக்கைக்குத்தான் திறந்துவிடுகிறாள்.

போன வியாழன்,
நைந்துபோன ஹில்ப்பாவின் தாளை
புதுத் தாளுக்கு மாற்றினோம்.
கூட்டினேன். மறுபடி கூட்டினேன். கணக்கு இடித்தது.
முதல் நாள் கொடுத்ததில் ஒரு புள்ளியை
அவள் செலவழிக்கவே இல்லை.
இரண்டு முற்றுகை, ஒரு கடலடிச் சிறை,
தூக்காவை இழுத்துக்கொண்டு ஓடிய அந்தப் பாலைவனம்,
எல்லாவற்றையும் ஒன்று குறைவாகவே தாண்டியிருக்கிறாள்.
எங்களுக்குத் தெரியவில்லை.
அவளுக்கும்.

காலாவதி என்று விதியில் எதுவும் இல்லை, என்றாள் சைமி.
எங்கேயாவது போடு, இனி என்ன வித்தியாசம்,
என்றான் தூக்கா.
சொல்லிவிட்டுத் தன் தாளை எடுத்து
டேப் ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினான்.
எண் எப்போதோ அழிந்துவிட்டது,
ஓட்டை அப்படியே இருக்கிறது.

ஹில்ப்பா பென்சிலைக் கடித்தாள்.
பலம் என்றாள். வேண்டாம் என்றாள்.
நீச்சல் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டாள்.
காப்பி ஆறியது.
கீழே பிர்க்காவின் வண்டிமேலேயே பனி ஏறியது.
கடைசி பஸ் போயிற்று.
ஆறு நிமிடத்தில் ஒருத்தியைச் செய்து முடித்தவள்
ஒரு புள்ளியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.
யாரும் அவசரப்படுத்தவில்லை.
குகை வாசலில் டிராகன்
திறந்த வாயோடு காத்திருந்தது.

பன்னிரண்டு அடித்ததும்
என்னதான் முடிவு என்று கேட்டோம்.
மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து
அந்தக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு
'கோஹ்தா' என்றாள்.