சி நான்கு

ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத்தான்
நான் தள்ளுவேன் என்று நம்பி
இருபத்திரண்டு நகர்த்தல் வரை
மனப்பாடம் செய்து வந்திருந்தான் ரெக்கின்.
வங்கிக்காரன். முன்பணம் கட்டியவனின் முகம்.

நான் சி வரிசைச் சிப்பாயைத் தொட்டேன்.
இரண்டு கட்டம்.
நடுவும் அல்ல, ஓரமும் அல்ல,
கல்யாண வீட்டில் பந்திக்கு அழைக்கும்வரை
தூண் பக்கமாக நிற்பவரைப் போல.

அவன் பேனா தாளின் மேல் நின்றது.

கிளாக்ஸ்விக், பிப்ரவரி.
மீன் ஆலைக்கு மேல்மாடியில் எங்கள் கழகம்.
ஜன்னலில் உப்பு. நான்காம் பலகை.
ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் சுடும்,
அந்தப் பக்கம் விருந்தாளிக்கு.

நான் கால்சோய் படகில் கயிறு வீசுகிறவள்.
துறைக்கு நேர்க்கோட்டில் வந்த படகை
பதினோரு வருடத்தில் பார்த்ததில்லை.
காற்றுக்கு ஒரு தோள் கொடுத்து
நீரோட்டத்துக்கு ஒரு தோள் கொடுத்து
நண்டு மாதிரி பக்கவாட்டில் வந்துதான்
சுவரைத் தொடுவோம்.
நாளை படகு உண்டா என்று கேட்பார்கள்.
கன்ஸ்கா, என்போம்.
இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.
கோபித்துக்கொள்பவர் வெளியூர்.

அவன் நடுவில் ஒரு சிப்பாய் வைத்தான்.
வைக்கட்டும்.
நான் ஜி சிப்பாயை ஒரே ஒரு கட்டம் உயர்த்தி
அந்தச் சந்தில் மந்திரியைக் குடிவைத்தேன்.
அங்கிருந்து பார்த்தால்
பலகை முழுக்க ஒரே குறுக்குத் தெரு.
தெருக்கோடியில் அவன் யானை,
அதற்கு முன்னால் காவலில்லாமல் தூங்கும் ஒரு சிப்பாய்.

அவன் இரண்டாவது சிப்பாயையும் நடுவுக்கு ஓட்டினான்.
வெட்டினேன். அவன் குதிரையால் வெட்டினான்.
என் குதிரை வந்து அதை உறுமியது.
அது பின்வாங்கி மூலைப்பக்கம் போய் நின்றது.
நடுவில் மிச்சமிருந்த சிப்பாய் அவனுடையதுதான்.
நடுவில் வீடு கட்டியவன் அவன்,
வாடகை வசூலிக்க வந்தவள் நான்.

இவ்வளவு அழகாகச் சொல்கிறேன்.
நவம்பரில் தோர்ஷாவனில்
இதே திறப்பை ஆடித்தான் தோற்றேன்.
எல்லாக் கதவையும் திறந்து வைத்தேன்.
ஒன்றிலும் நுழையவில்லை.
இந்தப் பக்கம் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம்,
யானையை இங்கே ஒரு கட்டம், அங்கே ஒரு கட்டம்.
குளிர் மட்டும்தான் உள்ளே வந்தது.
முப்பதாவது நகர்த்தலில் கொடி விழுந்தது,
என் டி சிப்பாய் அப்போதும்
பிறந்த கட்டத்திலேயே நின்றிருந்தது.

யாரும் அதைத் திட்டவில்லை. நான்தான்
திரும்பும் பஸ்ஸில், சுரங்கத்தின் மஞ்சள் வெளிச்சத்தில்.

இன்று ஏ சிப்பாய் ஒரு கட்டம். பி சிப்பாய் இரண்டு.
ரெக்கினுக்கு இவை சில்லறை.
அவன் எஃப் சிப்பாயைப் பெருமையாகத் தள்ளி
காபி எடுக்க எழுந்து போனான்.

பி ஐந்து.

திரும்பி வந்து கோப்பையை வைத்தவன்
குடிக்க மறந்தான்.
நடுவைக் காத்திருந்த குதிரைக்கு இடமில்லை.
அது ஓரத்துக்குத் தாவியது,
என் குதிரை அந்தச் சிப்பாயைத் தின்றது.
அவன் மந்திரி பாய்ந்து வந்து என் குதிரையைக் குறிவைக்க,
கடிகாரத்தில் எனக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

பதினெட்டைச் செலவழித்தேன்.
பின்வாங்க இரண்டு நல்ல கட்டங்கள்,
இரண்டிலும் பழைய சுகம்.
பிறகு டி சிப்பாயை எடுத்தேன்.
இரண்டு கட்டம், நடுவுக்கே.
ஓரமாய் வந்ததெல்லாம் இதற்குத்தான் என்று
கைக்கு முதலில் தெரிந்தது.

முடிவில் டிரா. ஆளுக்கொரு யானை, என்னிடம் ஒரு சிப்பாய் கூடுதல்,
அதை வைத்து ஜெயிக்க எனக்குத் தெரியவில்லை.
ரெக்கின் கைகுலுக்கிவிட்டு
ஏ சிப்பாயைத் தள்ளிய கணத்தைப் பலகையில் மீண்டும் வைத்துப்
பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் துறையில் ஒரு பெண்,
கையில் கோழிக் கூண்டு. காற்று வடமேற்கு.
படகு உண்டா என்றாள்.

உண்டு, ஏழு மணிக்கு, என்றேன்.
என்னவோ போல் பார்த்தாள்.
கயிறு விறைத்திருந்தது, இரண்டு முறை வீசவேண்டி வந்தது.