தொழில் என்ற கட்டம்

பெயர்: ம. ஏசுவடியான்.
வயது: தொண்ணூற்றொன்று.
இறந்த இடம்: வீடு, இடைக்கோடு.
அதுவரை விரல் நிற்காமல் அடித்தது.

தொழில்?
கணினி ஐந்து சொற்களை விரித்தது:
விவசாயி, கூலி, வியாபாரம், அரசுப்பணி, மற்றவை.
மேசைக்கு அந்தப்பக்கம் மகள் வாலன்றீனா,
ரேஷன் கார்டைச் சுருட்டிப் பிடித்தபடி சிரித்தார்.
'மந்திரின்னு இல்லியா சார்?'

இல்லை.
இருந்தாலும் அந்த மாநிலத்து மந்திரியை
இந்த மாநிலத்துப் பட்டியலில் எப்படி ஏற்ற?

பதினைந்து வயதில் கடையாலுமூட்டுக்கு மேலே
விடியுமுன் ரப்பர் வெட்டப் போனவர்.
முந்நூறு மரம், முந்நூறு சிரட்டை.
மழை பெய்தால் பால் இல்லை, கூலி இல்லை.
மழைக்குக் கூலி கேட்டு முதல் ஸ்ட்ரைக்.
மழைக்கா, என்று துரை சிரித்தானாம்.
பன்னிரண்டு நாள், ஆமாம், மழைக்குத்தான்.
பதின்மூன்றாம் நாள் போலீஸ்.
கொப்பரை உலர்த்தும் அறையில் ஒளிந்து
இருமலில் பிடிபட்டார்.
பூஜப்புரை ஜெயிலில் மலையாளம் எழுதப் படித்தார்,
பேச எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வெளியே வந்தபிறகு கோடு போட்டார்கள்.
அம்மை இந்தப்பக்கம்.
கட்சி ஆபீஸ் அந்தப்பக்கம்.
அவர் ஆபீசில் பாய் விரித்தார்.

ஜெயித்தார், தோற்றார், ஜெயித்தார்,
ஒருநாள் திருவனந்தபுரத்தில் நீர்ப்பாசன மந்திரி.
பதினெட்டு மாதம்.
கொடி கட்டிய கார் களியக்காவிளை வரை வரும்.
அம்மையைப் பார்ப்பது அரசாங்க வேலை இல்லை என்று
அங்கே இறங்கி, டிக்கெட் எடுத்து
பஸ்சில் நின்றுகொண்டு வருவார்.

அந்தப் பதினெட்டு மாதத்துக்குள்தான் அந்த ஃபைல்.
அணையில் தண்ணி குறைவு. முதலில் நம் வயல்,
மிஞ்சினால் தமிழ்நாடு.
கீழே பச்சை மை.

இடதுகரைக் கால்வாய்.
இடது என்ற சொல்லை எங்க அப்பன்
வேறெந்த அர்த்தத்திலும் சொன்னதில்லை.
எழுநூறு ஏத்தன் வாழை, குலை தள்ளும் நேரம்.
கால்வாயின் தரையில் நாங்கள் கோலி உருட்டினோம்.
அப்பன் அந்தப் பேரைச் சொல்லிக் காறித் துப்புவார்,
ஜெபத்துக்குப் பிறகு, சோற்றுக்கு முன்.

இதை நான் சொல்லவில்லை.
அவராகவே சொன்னார்:
'அத்தைக்க வயலும் அதுலதான் சார்.
சாவுற வரெ அவ அப்பாகிட்ட மிண்டல்ல.
ஒப்பிடாம இருந்திருக்கலாம்லான்னு நானும் கேட்டேன்.
அங்க உள்ளவனும் கூலிக்காரன்தானே பிள்ளேன்னாரு.
அன்னு ராத்திரி சோறு தின்னல்ல.'

பதவி போய், தேர்தலும் போய்
அம்மை இல்லாத வீட்டுக்குத் திரும்பினார்.
காலையில் வெட்டுக்கத்தியோடு
காய்ந்த கால்வாய்க்குள் இறங்கிப் புல் செத்துவார்.
கேட்டவர்களுக்கு ஒரே பதில்:
தண்ணி வந்தா போக வழி வேணும்லா.
மேல்புறம் டீக்கடையில் ஒருமுறை
பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.
நான் உட்காரவில்லை.

'ரப்பர் வெட்டுன்னு இருக்கா சார்?'
இல்லை.
'அப்ப மற்றவைன்னு போடுங்க.'

அழுத்தினேன்.
பெயரை ஒருமுறை சரிபார்க்கச் சொல்வது விதி.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
காதில் மட்டும் கேட்ட பேர்,
எச்சில் படாமல் முதல்முறை எழுத்தில்.
யேசுவா, ஏசுவா அம்மா?
'ஏ. ஏத்தன் வாழைக்குள்ள ஏ.'

ஆறு காப்பி வேண்டும் என்றார்,
ஒன்று பாறசாலை டிரஷறிக்கு.
பென்ஷன் அங்கேதான்.
நவம்பர்தோறும் கேட்பார்களாம்,
ஆள் உயிரோடு உண்டா என்று.