ஐம்பத்து நான்கு பல்

நின்ற இடத்திலேயே முழு வலுவும் தரும் மோட்டார் என்று
விற்றவன் சொன்னான். பொய்யில்லை.
பெட்ரோல் வண்டிபோல் இருமி, தொண்டையைச் செருமி,
உறுமி உறுமி உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டியதில்லை.
கைப்பிடியைத் திருகினால்
தூங்குவதுபோல் நடித்தவன்
பெயர் சொன்னதும் எழுந்து நிற்பதைப்போல்
புறப்பட்டுவிடும்.

ஆனால் கிகாலியில் சாலை என்பது
படுத்துக் கிடக்கும் பொருளல்ல.

கிமிசகாராவுக்கு மேலே,
தார் முடிந்து செம்மண் தொடங்கும் வளைவில்
பின்னால் பெலாஜி, எங்கள் இருவருக்கும் நடுவே தக்காளிக் கூடை.
பாதி மேட்டில் கன்ட்ரோலர் கையை விரித்தது.
சூடு.
சிவப்பு விளக்கு.
மின்சார வண்டி தோற்கும்போது
ஒரு முனகல்கூட இருக்காது,
அதுதான் கூடுதல் அவமானம்.
அவள் இறங்கினாள். முழுக் கூலியும் தந்தாள்.
பாதியைத் திருப்பி நீட்டினேன், பார்க்கவே இல்லை.
ஹெல்மெட்டை என் கையில் திணித்துவிட்டு
கூடையைத் தலைக்கு ஏற்றி
என் மோட்டாரைவிடச் சீராக
மேலே போனாள்.

"மோட்டார் மேல் குற்றமில்லை," என்றாள் வெஸ்டீன்,
ந்யாபுகோகோ பட்டறையில், சுட்ட சோளத்தைக் கடித்தபடி.
"முன்னால் பதினாலு பல். பின்னால் நாற்பத்து நாலு.
மோட்டார் மூன்று சுற்றும் கொஞ்சமும் சுற்றினால்
சக்கரம் ஒரு சுற்று.
பின்னால் ஐம்பத்து நாலு போடு.
நாலு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கு ஒரு சுற்று.
அதே மோட்டார், அதே பேட்டரி,
சக்கரத்தில் முறுக்கு கிட்டத்தட்டக் கால் பங்கு கூடும்.
அதே மேட்டுக்கு அது உறிஞ்சும் கரண்ட் குறையும்.
சூடு மூன்றில் ஒரு பங்கு போய்விடும்."

"சும்மாவா தரும்?"

சிரித்தாள், பல்லிடுக்கில் சோளத் தோல்.
"தொண்ணூறில் பறக்கிறாய் அல்லவா?
எழுபத்து மூன்று."

செயினில் ஆறு கண்ணிகள் சேர்த்தாள்.
கழற்றிய சக்கரத்தைக் கதேதே கேட்டான்,
விமான நிலையச் சாலையிலேயே பிழைப்பவன்,
அவன் வண்டியின் பற்கள் தேய்ந்து கொக்கியாய் வளைந்திருந்தன.
ஆறாயிரம் பிராங்க்.
நோட்டை எண்ணும்போதுதான் உறைத்தது,
மணிக்குப் பதினேழு கிலோமீட்டரை
விற்றுக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை பெலாஜி நின்றிருந்தாள்.
வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
வேறு வண்டி வருகிறதா என்று சாலையைப் பார்த்தாள்.
பிறகு ஏறினாள், இம்முறை முட்டைக்கோஸ்.

தார் முடிந்தது.
கைப்பிடியை முழுக்கத் திருகவில்லை, பாதிதான்.
மோட்டாரின் ரீங்காரம் பழையதைவிட
ஒரு படி மேலே ஏறி ஒலித்தது.
போன தடவை நின்ற இடத்தில்
வேலியோரம் அதே ஆடு,
அதே முகத்தோடு.
தாண்டினோம்.
கடைசி வளைவில் முன்சக்கரம் ஒரு கணம்
மண்ணை மறந்தது.
முதுகுச் சட்டையை இறுகப் பிடித்து அவள் சொன்னாள்,
"மெதுவாக."

அந்த ஒரு சொல்லுக்கு
இன்னொரு பதினேழையும் கொடுத்திருப்பேன்.

வாசலில் இறங்கிப் பாதிக் கூலி நீட்டினாள்.
விழித்தேன்.
"போன தடவை முழுசும் கொடுத்தேனே,
பாதி தூரத்துக்கு?"

வாதாட என்ன இருக்கிறது?
கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது
இந்த ஊரில்.

இன்று மாலை கனோம்பே சாலை.
சமதளம், கண்ணாடிபோல் தார்,
பின்னால் சூட்கேஸை அணைத்தபடி ஒருவர்,
விமானத்துக்கு நாற்பது நிமிடம்.
தோளைத் தட்டுகிறார்.
கைப்பிடி முட்டி நிற்கிறது.
இன்னும் கொஞ்சம் இடமிருக்குமா என்று
மணிக்கட்டு தானாகத் தேடுகிறது.

ஹாரன் அடித்துக்கொண்டு கடக்கிறான் கதேதே,
என் நாற்பத்து நாலு பல்லும் தெரியச்
சிரிக்கிறது அவன் பின்சக்கரம்.
அவர் மறுபடி தட்டுகிறார்.
தூரத்தில் ஒரு மேடு மாதிரித் தெரிகிறது,
வெறும் பாலமாகவும் இருக்கலாம்.