மெல்லத் திறக்கவும்

எனக்கும் பெர்க்மான்சுக்கும் நடுவில்
ஒன்பது அங்குலச் சுவர்.
இந்தப் பக்கம் என் தையல் மெஷின்,
அந்தப் பக்கம் அவனுடைய நூற்று நாற்பது பாட்டில்.
பகல் முழுக்க மெஷின் பேசும்.
ராத்திரி அவை பேசும்,
விக்கல் எடுத்த பிள்ளைகளை
வரிசையாய்ப் படுக்கவைத்ததுபோல.

பதினோரு வருஷம் கப்பலில் சமைத்துவிட்டு
கடியபட்டணத்துக்கு அவன் கொண்டுவந்தது
ஒரு ஜாடிப் புளிப்பு.
இஞ்சித் துருவலும் சர்க்கரையும் தினம் ஒரு கரண்டி
அதற்குத் தீனி.
பட்டினி போட்டால் செத்துப்போகுமாம்,
சொந்த மச்சினன் கல்யாணத்துக்கும்
தக்கலை தாண்டவில்லை.
"கெட்டினவளுக்கு இந்தக் கவனிப்பு உண்டா?" என்பாள் டெல்பின்,
அடுப்படியிலிருந்து, எல்லாருக்கும் கேட்க.

கடையென்றால் நாலு பெஞ்சு.
விடியலில் பாறையடியில் மூழ்கி எடுத்த சிப்பியை
மிளகும் தேங்காயும் சேர்த்துப் பிரட்டி
மரச்சீனிக் கிழங்கோடு தருவாள் அவள்.
நுரை அடங்குமுன் தம்ளரை நீட்டுவான் இவன்.
வாசலில் நீலப் பெயிண்டில்:
இஞ்சி பீர். சிப்பி. சில நாள் கணவாய்.

சித்திரையில் ஒரு மத்தியானம்
ஏழு பாட்டில் ஒன்றாய் வெடித்தன.
என் மடியில் கிளாடிஸ் மகளின்
முதல் நன்மைக்கான வெள்ளைக் கவுன்.
ஊசி விரலில் இறங்கியது.
ஒரே ஒரு பொட்டு, கழுத்துப் பட்டைக்குக் கீழே;
எலுமிச்சை போட்டும் போகவில்லை.
அதன்மேல் ஒரு சாட்டின் பூ வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கு ராத்திரிதான் எழுதினேன்.
மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,
எங்கள் தெருவில் கள்ளத்தனமாக.
பெயர் இல்லை, தேதி இல்லை,
எழுத்து தெரியக்கூடாதென்று
இடது கையால்.

ஒன்பதாம் நாள் ஜீப் வந்தது.
கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு
குனிந்து பார்த்தார் மதுவிலக்கு சார்.
நான் துணி உலர்த்துகிறவள்போல
ஒரே பாவாடையை மூன்று தரம் உதறினேன்.
"அரைக்கும் கீழதான்டே.
ஆனா பீருன்னு எழுதப்பிடாது."
பெர்க்மான்ஸ் மிச்ச பெயிண்டை எடுத்துவந்து
ப-வின் தலையில் ஒரு கோடு,
காலில் ஒரு வால்.
இஞ்சி நீர்.
அவ்வளவுதான் வழக்கு.
மூன்று தட்டு சிப்பி தின்று போனார்கள்.
காசு கொடுத்தார்களா என்பது
சுவருக்குக் கேட்கவில்லை.

ஆடிக் காற்றில் வால் உரிந்துவிடும்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதலெழுத்தை மட்டும்
உரக்க வாசித்துச் சிரிக்கும்.
அவன் திரும்பவும் வரைவான்.

நான் எப்போது அங்கே போகத் தொடங்கினேன்?
படகெல்லாம் கரையேறிக் கிடந்த தடைக்காலத்தில்
துணி தைக்க யாரும் வராத ஒரு சனிக்கிழமை.
இஞ்சி நேரே மூக்குக்கு ஏறியது,
பின்னாலேயே ஒரு புளிப்பு,
சிப்பியின் உப்பு பட்டதும்
அந்தப் புளிப்பு இடம்மாறி உட்கார்ந்தது.
அடுத்த சனியும் போனேன்.
அதற்கடுத்ததும்.
டெல்பின் என் தட்டில் மட்டும் கிழங்கைக் கூட்டி வைப்பாள்;
அது எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டையில் நிற்கும்.

போன வாரம் லேபிள் கட்டோடு வந்தான்.
"உங்க எழுத்து கொள்ளாம், ராக்கினியக்கா."
நாற்பது எழுதினேன்.
ஊற்றிய தேதி, அதன்கீழே
மெல்லத் திறக்கவும்.
மை காய ஊதி ஊதி அடுக்கியவன்
தலை நிமிராமலே சொன்னான்:
"இடது கையில எழுதினாலும் கொள்ளாம்."

மனுத்தாளில் நூல் ஏதும் ஒட்டியிருந்ததோ.
கேட்கவில்லை நான்.
கூலி என்று இரண்டு பாட்டிலை
மெஷின் பலகையில் வைத்துவிட்டு
சிப்பி வாங்கப் போனான்.

இன்னும் திறக்கவில்லை.
நேற்று ராத்திரி ஒன்று விக்கியது,
சுவருக்கு இந்தப் பக்கம்.
எழுந்துபோய் ஈரச் சாக்கு போட்டு மூடினேன்.